கண் மருத்துவர் கைவிரித்த பிறகு: பார்வை மறுவாழ்வுப் பயிற்சியாளர் வேலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று கண் மருத்துவர் கைவிரித்த பிறகுதான் எங்கள் வேலை தொடங்குகிறது. நான் அமெரிக்காவில் பார்வை மறுவாழ்வுப் பயிற்சியாளராக, ஆங்கிலத்தில் 'விஷன் ரிஹாபிலிடேஷன் தெரபிஸ்ட்' ஆக, இருக்கிறேன். கோயில் வரிசையிலும் கல்யாணப் பந்தியிலும் "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வரியில் சொல்லிப் புரியவைக்க இதுவரை முடிந்ததில்லை. இந்தத் துறைக்கு வரலாமா என்று யோசிக்கும் இங்குள்ள தமிழர்களும், ஊரிலிருந்து எழுதும் சிறப்புக் கல்வி ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

இது கண்ணுக்குச் செய்யும் சிகிச்சையா?

இல்லை. கண்ணை நாங்கள் தொடுவதே இல்லை. மிச்சமிருக்கும் பார்வையைக் கொண்டோ, அதுவும் இல்லையென்றால் கையையும் காதையும் கொண்டோ அன்றாட வேலைகளைச் செய்யக் கற்றுத்தருகிறோம். பெயரில் 'தெரபி' ஒட்டிக்கொண்டிருந்தாலும் இது வாத்தியார் வேலை.

நியூ ஜெர்சியில் மகன் வீட்டோடு இருக்கும் ஓர் அம்மாள். எண்பதை நெருங்குகிறவர். விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலா இரண்டு கண்ணிலும் கெட்டுவிட்டது. அடுப்பங்கரைப் பக்கம் வரக் கூடாது என்று வீட்டில் அன்பாகத் தடை போட்டிருந்தார்கள். "ஒரு வாய் காபிகூட யாராவது கலந்து தந்தால்தான் உண்டு அம்மா" என்றார். அன்று முழுவதும் நாங்கள் செய்தது அந்தக் காபியை மட்டும்தான். எவர்சில்வர் டம்ளரை முதலில் ஒதுக்கினோம். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு அவர் கண்ணைக் கூசவைத்தது. உட்புறம் கறுப்பாக இருந்த ஒரு கோப்பையைத் தேடி எடுத்தோம். பால் வெள்ளை, கோப்பை கறுப்பு. ஏறிவரும் விளிம்பு ஓரப்பார்வையில் தட்டுப்பட்டது. பால் பாத்திரத்தின் மூக்கைக் கோப்பையின் விளிம்பில் ஒட்டவைத்து ஊற்றவும், நிறைய நிறைய ஒலி மாறுவதைக் கேட்கவும் சொன்னேன். இரண்டு முறை சிந்தியது. மூன்றாம் முறை சிந்தவில்லை. டிகாக்ஷன் விட்டு, "இது உங்களுக்கு" என்று என் பக்கம் நீட்டினார். சர்க்கரை போட மறந்திருந்தார். நான் சொல்லவில்லை.

'விஷன் தெரபி' என்று பலகை மாட்டியிருக்கும் இடங்களில் நடப்பதும் இதுதானா?

பெயர்தான் ஒன்றுபோல இருக்கிறது. அங்கே ஆப்டோமெட்ரிஸ்டின் (பார்வையைச் சோதித்துக் கண்ணாடி எழுதித்தரும் நிபுணரின்) மேற்பார்வையில், இரு கண்களும் சேர்ந்து இயங்காத பிள்ளைகளுக்கும், படிக்கும்போது கண்கள் சரியாக உள்நோக்கிக் குவியாதவர்களுக்கும் கண் பயிற்சி தருகிறார்கள். அதற்குச் சான்றிதழ் வழங்கும் அமைப்பும் வேறு. தவறான விண்ணப்பத்தை நிரப்பிப் பணம் கட்டிவிட்டுப் புலம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணைச் சுழற்றினால் கண்ணாடியைத் தூக்கி எறியலாம் என்று விற்பவர்கள் மூன்றாவது ரகம், அவர்களை விட்டுவிடுவோம்.

எத்தனை வகைச் சான்றிதழ்கள் இருக்கின்றன?

அமெரிக்காவில் இவற்றைப் பெரும்பாலும் வழங்குவது ஏ.சி.வி.ஆர்.இ.பி. என்னும் அமைப்பு. 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில் இயங்குகிறது. அதற்கு முன்பு இத்துறையில் இருப்பவர்களின் சங்கமே தன் ஆட்களுக்குச் சான்றிதழ் கொடுத்துவந்தது. தேர்வு வைப்பவரும் எழுதுபவரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது என்றுதான் தனி அமைப்பு வந்தது.

முக்கியமானவை நான்கு. நடமாட்டப் பயிற்சி தருபவருக்கு சி.ஓ.எம்.எஸ்.; பேச்சில் 'காம்ஸ்' என்போம். வீட்டு வேலை, சமையல், பிரெய்ல், பணம் எண்ணுவது, மருந்து பிரித்து வைப்பது எல்லாவற்றையும் கற்றுத்தருபவருக்கு சி.வி.ஆர்.டி.; என்னுடையது இதுதான். மிச்சப் பார்வையைப் பயன்படுத்தப் பழக்குபவருக்கு சி.எல்.வி.டி. திரைவாசிப்பு மென்பொருள், கைப்பேசி, பிரெய்ல் காட்டும் கருவிகள் போன்றவற்றைச் சொல்லித்தருபவருக்கு கேட்டிஸ். நால்வரில் இதுவே கடைக்குட்டி.

நடமாட்டப் பயிற்சி போரில் பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்து திரும்பிய சிப்பாய்களுக்காக, பென்சில்வேனியாவின் வேலி ஃபோர்ஜ் ராணுவ மருத்துவமனையில் ரிச்சர்ட் ஹூவர் நீண்ட கோல் முறையை வகுத்தார். அதுவரை கைத்தடி என்பது ஊன்றிக்கொள்ளத்தான். அவர் அதை மெல்லியதாக்கி, நீளமாக்கி, முன்னால் வீச வைத்தார். வலக்கால் முன்னே போகும்போது கோலின் நுனி இடப்பக்கத் தரையைத் தொட வேண்டும். அடுத்து இடக்கால் விழப்போகும் இடத்தைக் கோல் முன்கூட்டியே பார்த்துவைக்கிறது. எதிரும் புதிருமாக வரும் இந்தத் தாளம் உடம்பில் ஏறப் பலருக்கு வாரக்கணக்கில் ஆகும். 1948இல் சிகாகோ அருகே ஹைன்ஸ் மருத்துவமனையில் முன்னாள் படைவீரர்களுக்கான மையம் திறந்தது. 1960இல் பாஸ்டன் கல்லூரியில் இது பட்டப்படிப்பானது.

என் பிரிவின் வேர் இன்னும் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஃபிலடெல்ஃபியாவில் வீடு வீடாகப் போய்ப் பார்வையற்ற பெரியவர்களுக்குத் தடவிப் படிக்கும் மேடெழுத்து வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள்தான் எங்கள் முன்னோர். 'வீட்டு ஆசிரியர்' என்பது அந்நாளைய பெயர். எனக்கென்னவோ இன்றைய நீண்ட பட்டத்தைவிட அதுவே பிடித்திருக்கிறது.

குறைபார்வைப் பயிற்சியாளர் கண்ணாடி எழுதித்தருவாரா?

மாட்டார். லென்ஸை எழுதித்தருவது மருத்துவர் அல்லது ஆப்டோமெட்ரிஸ்ட். அதை வீட்டில் எடுத்துப் பயன்படுத்த வைப்பது சி.எல்.வி.டி. இந்த இரண்டாவது வேலை நடக்காததால் மேசை இழுப்பறைகளில் தூங்கும் உருப்பெருக்கிக் கண்ணாடிகள் ஏராளம்.

அவர்கள் செய்வதில் எனக்கு ஆச்சரியம் தீராத ஒன்றைச் சொல்கிறேன். மாகுலா கெட்டவர்களுக்கு நேரே பார்க்கும் இடம் மறைந்துவிடும். சுற்றுப் பார்வை இருக்கும். கடிகார முகம்போல ஒரு வட்டம் வரைந்து நடுவில் ஓர் எழுத்தை எழுதிக் காட்டுவார்கள். எழுத்தை நேரே பார்த்தால் காணாமல் போகும். "பன்னிரண்டைப் பாருங்கள், இப்போது ஒன்றைப் பாருங்கள்" என்று கண்ணை நகர்த்திக்கொண்டே போகும்போது, ஏதோ ஓர் எண்ணில் நடுவெழுத்து தெளிந்து நிற்கும். விழித்திரையில் அவருக்கு நல்லபடி மிஞ்சியிருக்கும் இடம் அது. அங்கேயே கண்ணை நிறுத்தப் பழக வேண்டும். பழகிவிட்டால் பேரனின் முகம் தெரிய அவன் தலைக்கு மேலே பார்க்க வேண்டியிருக்கும். "தாத்தா முகம் கொடுத்துப் பேசுவதில்லை" என்று குடும்பத்தில் புகார் கிளம்பும். அந்தப் புகாரைத் தீர்த்துவைப்பதும் எங்கள் கணக்கில்தான் சேரும்.

முழுவதும் பார்வை இல்லாதவர்களோடுதான் வேலையா?

குறைவு. வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஏதோ கொஞ்சம் தெரியும். அமெரிக்கச் சட்டத்தில், கண்ணாடி போட்ட பிறகும் நல்ல கண்ணின் பார்வை 20/200 (மற்றவர் 200 அடியிலிருந்து பார்ப்பதை 20 அடிக்கு வந்தால்தான் பார்க்க முடியும்) அல்லது அதற்குக் கீழ் இருந்தாலோ, பார்வைப் புலம் 20 பாகைக்குள் சுருங்கியிருந்தாலோ 'சட்டப்படி பார்வையற்றவர்'. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் அந்தக் கோட்டை 3/60க்குக் கீழே, 10 பாகைக்குள் வைத்திருக்கிறது. ஆகவே 6/60 பார்வை (மீட்டர் கணக்கில் அதே 20/200) உள்ள ஒருவர் இங்கே விமானம் ஏறும்போது பார்வையற்றவர், சென்னையில் இறங்கும்போது குறைபார்வை உடையவர்.

என்ன படித்திருக்க வேண்டும்?

குறைந்தது இளநிலைப் பட்டம். அதற்கு மேல் இத்துறைக்கென்று உள்ள பல்கலைக்கழகப் படிப்பு. பெரும்பாலும் முதுநிலை அல்லது பட்டத்துக்குப் பிந்தைய சான்றிதழ்ப் படிப்பாக இருக்கும். மிச்சிகனில் உள்ள வெஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1960களின் தொடக்கத்திலிருந்தே இதைச் சொல்லிக்கொடுத்துவருகிறது. நியூயார்க்கின் ஹன்டர் கல்லூரி, பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம், சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகம் ஆகியவையும் இத்துறையில் பெயர் பெற்றவை. எல்லா இடத்திலும் எல்லாப் பிரிவும் இருக்காது. எந்தச் சான்றிதழ் வேண்டும் என்று முடிவுசெய்துவிட்டுக் கல்லூரியைத் தேடுங்கள். நேர்மாறாகச் செய்தால் ஓராண்டு வீணாகும்.

படிப்போடு, சான்றிதழ் பெற்ற ஒருவரின் கண்காணிப்பில் 350 மணி நேரக் களப்பயிற்சி. பிறகு கணினியில் எழுதும் தேர்வு. தேர்வைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். என் அனுபவத்தில் ஆளைத் திணறவைப்பது அந்த 350 மணி நேரம்தான். கண்காணிப்பாளர் கிடைக்க வேண்டும், அவர் வேலை பார்க்கும் இடம் உங்களை ஏற்க வேண்டும், அது நீங்கள் இருக்கும் ஊருக்குக் கார் ஓட்டிப் போகும் தூரத்தில் இருக்க வேண்டும். சேரும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.

கண்ணைக் கட்டிக்கொண்டு சமைக்கச் சொல்வார்களாமே?

சொல்வார்கள். கத்தியும் உண்டு, அடுப்பும் உண்டு. நான் முதல் நாள் வெங்காயம் நறுக்கியபோது, விரல்களை மடக்கி நகத்தின் பின்புறத்தைக் கத்திக்கு அண்டைகொடுக்கச் சொன்னார் ஆசிரியர். கண் திறந்திருந்த காலத்தில் நான் அப்படி நறுக்கியதே இல்லை, அன்றிலிருந்து அப்படித்தான். எண்ணெய் காய்ந்ததை வாசனையிலும், கடுகு போடலாமா என்பதை ஒரே ஒரு கடுகைப் போட்டுக் கேட்டும் தெரிந்துகொண்டேன். வகுப்பில் இருந்த மற்றவர்களுக்குத் தாளிப்பு என்றால் என்னவென்று தெரியாது. என் ஒருத்திக்கு மட்டும் அந்தப் பாடம் பாட்டி வீட்டில் பாதி முடிந்திருந்தது.

கண்கட்டுப் பயிற்சி எல்லோருக்கும் உவப்பானதல்ல. அரை நாள் இருட்டில் தடுமாறிவிட்டு, பார்வையற்ற வாழ்க்கையே இதுதான் என்று பயந்துபோய்ச் சிலர் வெளியே வருகிறார்கள். தடுமாறுவது முதல் நாள்காரரின் அனுபவம். இருபது வருடம் வாழ்ந்தவரின் அனுபவம் அதுவல்ல. அரை நாளோடு நிறுத்தாமல் வாரக்கணக்கில் செய்யவைக்கும் படிப்பே நல்ல படிப்பு.

பார்வையற்றவர்கள் இந்த வேலைக்கு வரலாமா?

வரலாம், வருகிறார்கள், வந்துகொண்டும் இருந்தார்கள். அந்தப் பழைய வீட்டு ஆசிரியர்களில் பலர் பார்வையற்றவர்களே. நடமாட்டப் பயிற்சியில்தான் கதவடைப்பு நடந்தது. 1960களில் தொடங்கிய படிப்புகள் நல்ல பார்வை உள்ளவர்களையே சேர்த்தன. மாணவர் சாலையில் இறங்கும்போது ஆசிரியருக்குக் கண் தெரிய வேண்டாமா என்பது அவர்களின் வாதம். பார்வையற்றோர் அமைப்புகள் பல்லாண்டுகள் சண்டை போட்டன. அந்தச் சண்டையிலிருந்துதான் என்.ஓ.எம்.சி. என்ற இன்னொரு நடமாட்டச் சான்றிதழ் வந்தது. லூசியானா டெக் பல்கலைக்கழகத்தின் படிப்பு அந்த வழியில் போகிறது. அங்கே பார்வையுள்ள மாணவரும் கண்ணைக் கட்டிக்கொண்டு நீண்டகாலம் பயில வேண்டும். வழியைச் சொல்லித்தருவதைவிட வழியைத் தானே கண்டுபிடிக்கும்படி விடுவது அவர்கள் முறை. என் தரப்பைக் கேட்டால், சாலைச் சந்திப்பில் வண்டிகள் கிளம்பும் இரைச்சலை வைத்து எப்போது கடக்கலாம் என்று சொல்லித்தர, அதை நாள்தோறும் செய்து வாழ்பவரைவிடப் பொருத்தமான ஆள் யார்?

வேலை எங்கே கிடைக்கும்?

மாநில அரசுகளின் பார்வையற்றோர் சேவைத் துறைகள், தொண்டு நிறுவனங்கள், முன்னாள் படைவீரர் நலத்துறையின் மையங்கள். 55 வயதை எட்டியவர்களுக்கென்று மத்திய அரசின் நிதியில் நடக்கும் தனித் திட்டம் ஒன்றும் உண்டு. எங்களிடம் வரும் முதியவர்களில் பலர் அதன் வழியாகவே வருகிறார்கள். காம்ஸ் வைத்திருந்தால் பள்ளிகளும் தேடும். பள்ளியில் பாடம் நடத்தும் பார்வைக் குறைபாட்டுச் சிறப்பாசிரியருக்கு மட்டும் இந்தச் சான்றிதழ் போதாது. அவருக்கு அந்தந்த மாநிலத்தின் ஆசிரியர் உரிமம் வேண்டும்.

வேலைக்கு ஆள் பற்றாக்குறை. ஆனால் பணக்காரராகும் வேலை அல்ல. மாவட்டம் மாவட்டமாகக் கார் ஓட்ட வேண்டியிருக்கும். என் காரின் பின்பக்கத்தைத் திறந்தால் பிரெய்ல் தாள், தடித்த கறுப்புப் பேனா, அடுப்புத் திருகியில் ஒட்டும் புடைப்புப் பொட்டுகள், டாலர் நோட்டுகள் இருக்கும். நோட்டு எதற்கு என்றால், அமெரிக்க நோட்டுகள் எல்லாம் ஒரே அளவு. தடவிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு டாலரை மடிக்காமல், ஐந்தைக் குறுக்காக மடித்து, பத்தை நீளவாக்கில் மடித்து, இருபதை இரண்டு விதமாகவும் மடித்து வைப்பது பழைய பாடம். நம் ரூபாய் நோட்டுகள் அளவில் வேறுபடுவது இதை நினைக்கும்போதெல்லாம் பெருமையாக இருக்கும்.

காப்பீடு இதற்குப் பணம் தருமா?

இதுதான் எங்கள் தொழிலின் தீராத வலி. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், எங்கள் நான்கு சான்றிதழ்காரர்களையும் தனியாகக் கட்டணம் கேட்கக்கூடியவர்களாக ஏற்பதில்லை. அதே பாடத்தைத் தொழில்வழிச் சிகிச்சையாளர் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) நடத்தினால், மருத்துவர் எழுதித்தரும் பட்சத்தில், தருகிறது. 2006இல் தொடங்கிச் சில இடங்களில் ஐந்தாண்டு சோதனைத் திட்டமாக எங்களையும் சேர்த்துப் பார்த்தார்கள், முடிந்ததும் நிரந்தரமாக்கவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடிக்கும் மெடிகேர் பணம் தராது. ஆகவே மாநில நிதியும் நன்கொடையும் இருக்கும் வரைக்கும்தான் எங்கள் சேவை நீளும்.

அப்படியானால் தொழில்வழிச் சிகிச்சையே படித்துவிடலாமே?

பணக்கணக்கு மட்டும் பார்த்தால் சரிதான். தொழில்வழிச் சிகிச்சையாளர் சி.எல்.வி.டி.யும் சேர்த்து வைத்திருந்தால் மருத்துவமனைகளில் நல்ல மதிப்பு. ஆனால் அந்தப் படிப்பில் பார்வைக்கு ஒதுக்கப்படும் பங்கு சிறியது. பிரெய்லும் நீண்ட கோலும் அதில் வராது.

இங்கே படிக்க உதவித்தொகை உண்டா? விசாவில் இருப்பவர் சேரலாமா?

மத்திய அரசு நிதியில் சில பல்கலைக்கழகங்கள் உதவித்தொகை தந்துவந்திருக்கின்றன. ஓராண்டு உதவிக்கு ஈடாக இரண்டாண்டு இத்துறையில் வேலை பார்க்க வேண்டும்; பார்க்காவிட்டால் பணத்தைத் திருப்ப வேண்டும். அது குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை அட்டை (கிரீன் கார்டு) உள்ளவர்களுக்கும்தான். முன்னாள் படைவீரர் துறை வேலைகளிலும் குடிமக்களுக்கே முன்னுரிமை. விசாவில் இருப்பவர்கள் படிப்பில் சேரலாம். ஆனால் களப்பயிற்சிக்கும் வேலைக்கும் அனுமதி இருக்கிறதா என்று பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் இதற்கு என்ன வழி?

அங்கே கதவு வேறு. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வு மன்றத்தில், ஆர்.சி.ஐ. என்று அறியப்படுவதில், பதிவு செய்திருக்க வேண்டும். அது ஏற்ற படிப்பை முடித்து மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் எண் வாங்காமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ என்று சட்டம் சொல்கிறது. ஆயிரம் ரூபாய் யாரைத் தடுக்கும் என்பது வேறு விஷயம்.

சட்டத்தின் பட்டியலில் நடமாட்டப் பயிற்சி நிபுணரும் ஒரு தனி வகை. நடைமுறையில் பார்வைக் குறைபாட்டுப் பிரிவில் சிறப்புக் கல்வி டிப்ளமாவோ பி.எட்.டோ முடித்தவரே பாடம், பிரெய்ல், கோல், வீட்டு வேலை எல்லாவற்றையும் தலையில் சுமக்கிறார். டேராடூனில் உள்ள, பார்வைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இதற்குத் தாய்வீடு. 1943இல் போரில் கண்ணிழந்தவர்களின் விடுதியாகத் தொடங்கியது. அங்கேயும் போர்தான். அதன் வட்டார மையம் பூந்தமல்லியில் இருக்கிறது. கோவையில் ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா கல்வி நிறுவனத்தின் சிறப்புக் கல்விப் புலம் இத்துறையில் பேர் பெற்றது. குறைபார்வைப் பக்கம் போக விரும்பினால் ஆப்டோமெட்ரி படித்துவிட்டு மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற மருத்துவமனைகளின் குறைபார்வைப் பிரிவுகளைப் பாருங்கள்.

இந்தியப் பதிவு அமெரிக்காவில் செல்லுமா?

அப்படியே செல்லாது. பட்டத்தை மதிப்பீடு செய்து, விடுபட்ட பாடங்களைப் படித்து, களப்பயிற்சியும் தேர்வும் முடிக்க வேண்டும். இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெய்ல் தெரிந்தவர்களுக்குப் பாதி வழி குறையும். புள்ளிகள் அதே ஆறுதான். ஆனால் இங்கே 2016 ஜனவரியிலிருந்து ஒருங்கிணைந்த ஆங்கில பிரெய்ல். அதன் சுருக்கெழுத்துகளை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லுமா?

ஐந்தாண்டு. அதற்குள் தொடர்கல்வியைக் கணக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

சான்றிதழெல்லாம் இருக்கட்டும். பார்வை குறைந்தவர் என் அம்மாதான். இன்றைக்கு நான் என்ன செய்யலாம்?

முதலில் ஒன்று கேளுங்கள்: "இல்லாதது ஏதாவது தெரிகிறதா அம்மா?" பார்வை குறைந்தவர்களில் சிலருக்குக் கண்முன் பூக்களும் ஆட்களும் கட்டடங்களும் தோன்றும். சார்லஸ் பொன்னே என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் 1760இல் தன் தாத்தாவுக்கு நேர்ந்ததை எழுதிவைத்தார். அவர் பெயராலேயே அந்த நிலை அழைக்கப்படுகிறது. தகவல் வராத இடத்தை மூளை தானே படம் போட்டு நிரப்புகிறது. பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்துப் பலர் வாயே திறப்பதில்லை. மருத்துவரிடம் சொல்லுங்கள், அம்மாவிடமும் இதை விளக்கிச் சொல்லுங்கள்.

அப்புறம் தட்டை மாற்றுங்கள். வெள்ளைத் தட்டில் இட்லி வைத்தால் அவருக்கு வெறும் தட்டுதான். கரும்பச்சை வாழையிலையில் அதே இட்லி பளிச்சென்று தெரியும். விளக்கைத் தலைக்கு மேலே போடாமல், படிக்கும் தாளுக்குப் பக்கத்தில், கண்ணில் படாதபடி வையுங்கள். அறையை விட்டு எழுந்து போகும்போது "போகிறேன் அம்மா" என்று சொல்லிவிட்டுப் போங்கள். இல்லையென்றால் காலி நாற்காலியோடு பேசிக்கொண்டிருப்பார். அந்த நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிட்டும் போங்கள்.